மாலை போட்ட 48 நாளும் குடிக்காமல் இருக்க முடிகிறதே, பிறகு எப்படி அது நோய்?

கேள்வி: 17 நவம்பர் 2024

என் தம்பிக்கு 34 வயது. ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறான். 48 நாளும் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. விடியற்காலையில் குளிக்கிறான், குழந்தைகளிடம் அன்பாகப் பேசுகிறான், சம்பளத்தை அப்படியே மனைவியின் கையில் கொடுக்கிறான். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று இரவே கடைக்குப் போய்விடுகிறான். குடி ஒரு நோய் என்கிறார்கள். மாலை போட்டால் விலகி நிற்கும் நோய் ஏதாவது உண்டா? சர்க்கரை நோய் அப்படிப் போகுமா? விட முடிந்தவன் விடாமல் இருப்பது திமிர் என்றே நான் நினைக்கிறேன். குடிப்பவனைக் குற்றம் சொல்லக் கூடாது என்பவர்கள் பதில் சொல்லுங்கள்.

17 நவம்பர் 2024, இரவு

2003 முதல் 2009 வரை ஏழு முறை மாலை போட்டவன் நான். முதல் ஆறு முறையும் மாலையைக் கழற்றிய அன்றே குடித்தேன். ஏழாவது முறை நடந்ததைப் பிறகு எழுதுகிறேன். 2014 மார்ச்சுக்குப் பிறகு குடிக்கவில்லை.

மாலை போட்டவனைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள், சகோதரி. கழுத்தில் துளசி மணி ஏறியதுமே ஊரெல்லாம் அவனைச் சாமி என்று அழைக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் நாள் வரை தோளில் கைபோட்டுக் கடைக்கு அழைத்துச் சென்ற நண்பனே மரியாதையாக விலகி நிற்கிறான். விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, வீட்டில் தனித் தட்டு என்று நாள் முழுவதும் ஒழுங்குபட்டுவிடுகிறது. வழக்கமாகத் தொண்டை வறளும் மாலை ஏழு மணிக்கு அவன் யாரோ ஒருவருடைய வீட்டுப் பூஜையில் இருபது பேரோடு அமர்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, இது முடியும் நாள் எது என்பது அவனுக்குத் தெரியும். மறுவாழ்வு மையங்கள் பணம் வாங்கிக்கொண்டு அமைத்துத் தரும் சூழலும் ஏறத்தாழ இதுவே. மாலை அதை இலவசமாகத் தருகிறது, 48 நாள் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

சர்க்கரையைக் கேட்டீர்கள். விரதமிருந்து ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டால் சர்க்கரையும் இறங்கத்தான் செய்யும். விரதம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால் ஏறும். இறங்கிய நாள்களைக் காட்டி அவருக்கு நோயே இல்லை என்று நாம் சொல்வதில்லை.

18 நவம்பர் 2024

நேற்று எழுதியதைக் காலையில் மறுபடி படித்தேன். எனக்குச் சாதகமான பாதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

முதல் நான்கு முறை மாலை போட்டிருந்தபோது என் புத்தி தெளிவாக இருந்தது. கை நடுங்கவில்லை, உடல் மதுவைக் கேட்கவில்லை. முப்பதாவது நாள் ஒருவன் என்னிடம் வந்து, 'இப்படியே தொடரலாமே, மருத்துவரைப் பார்க்கலாமே' என்று சொல்லியிருந்தால் அதைப் புரிந்துகொள்ளும் நிலையில்தான் இருந்தேன். என் மனைவி சொல்லவும் செய்தாள். அந்தத் தெளிவான நாள்களில் நான் செய்தது என்னவென்றால், பட்டறையில் மாட்டியிருந்த நாள்காட்டியில் மாலை கழற்றும் தேதியின் மூலையில் பேனாவால் சிறியதாக ஒரு குறி போட்டு வைத்ததுதான். பிறர் கண்ணுக்கு அது பூஜைக் குறிப்பு. எனக்கு அது வேறு.

குடித்த பிறகு நிறுத்த முடியாமல் போனதற்கு நோயைக் காரணம் சொல்லலாம். குடிக்காத நாளில், தெளிந்த மனத்தோடு, குடிக்கப்போகும் தேதியைக் குறித்து வைத்ததற்கு நோயைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த அளவுக்கு உங்கள் கேள்வி நியாயமானது.

20 நவம்பர் 2024

இரண்டு குறிப்புகளையும் என் மனைவி படித்தாள். அவளுடைய திருத்தத்தை அவள் சொன்னபடியே பதிகிறேன்: 'மாலை போட்ட நாள்களில் நீங்கள் நல்லபடியாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடிக்காமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். சாதத்தில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிடுவீர்கள். நானும் ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தேன். அந்த நாளுக்கு முன்பு அரிசி, பருப்பு, பள்ளிக்கூடப் பணம் எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட வேண்டும் என்பதற்காக.'

இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவளும் ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தாள் என்பதை இன்றுதான் அறிகிறேன்.

24 நவம்பர் 2024

நோய் என்றால் பிறகு யாரையும் குறை சொல்லவே முடியாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் நோய் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழக்கம், ஆசை, அடிமைத்தனம் எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் ஊரில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 விழுக்காடு சாராயம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய சாராயம் இருக்கிறது; பத்து கிராமை ஓர் அளவு என்று மருத்துவர்கள் வைத்துக்கொள்வதால் அது ஆறு அளவு. நான் நாளுக்கு இரண்டு குவார்ட்டரில் தொடங்கி மூன்றில் நின்றேன். மூளையின் வேகத்தைத் தணிக்கும் பொருளை ஆண்டுக்கணக்கில் இந்த அளவு ஊற்றும்போது, மூளை அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. திடீரென்று ஊற்றுவதை நிறுத்தினால் கூட்டி வைத்த வேகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. உதறல், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் அதன் விளைவுதான்.

நான் லேத் வேலை செய்பவன். ஷாஃப்டைக் கடைந்து முடித்ததும் மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை பார்க்க வேண்டும். 2008-இல் காலை எட்டு மணிக்கு அந்தக் கருவியின் முனைகள் ஷாஃப்டின் மேல் தந்தியடிப்பதுபோல் கடகடவென்று தட்டும். கோட்டைப் படிக்க முடியாது. அப்போது கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆனால் விடியலிலேயே கூடுதல் விலைக்குக் கொடுக்கும் இடம் ஒன்று எனக்குத் தெரியும். ஒரு கட்டிங் உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் கை நிலைத்துவிடும். அந்தக் காலையில் நான் குடித்தது இன்பத்துக்காக அன்று. திமிர் என்ற சொல் அங்கே பொருந்தாது.

பரம்பரையையும் சொல்ல வேண்டும். குடிநோய் வருவதற்கான வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருகிறது என்று இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. என் அப்பா குடித்தவர். அவரைப் பார்த்து நான் வெறுத்திருக்க வேண்டும் என்பார்கள், வெறுக்கத்தான் செய்தேன். முதல் முறை குடித்தபோது, நண்பர்கள் முகம் சுளித்துத் துப்பியதை என் உடல் ஊர் திரும்பியவனைப்போல் ஏற்றுக்கொண்டது. அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

25 நவம்பர் 2024

அவசரமாக ஒன்று. மாலை போட்டால் நின்றுவிடும் என்று நான் எழுதியதை நம்பி, நாள் முழுவதும் குடிக்கும் ஒருவரை யாரும் அறையில் பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம்.

2009-இல் ஏழாவது மாலை. அதற்குள் நான் முற்றிய நிலைக்கு வந்திருந்தேன். மாலை போட்ட மறுநாள் இரவு பூஜை அறையிலேயே வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் சுவரில் எறும்புகள் வரிசையாக ஊர்வதைக் கண்டேன். மற்ற யார் கண்ணுக்கும் அவை தெரியவில்லை. சாமி குற்றம் என்றார்கள். கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் வரலாம் என்றும், அது உயிரைக் கொண்டுபோகும் என்றும் மருத்துவமனையில்தான் தெரிந்தது. படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் சேர்ந்தே என்னை மீட்டன. மாலையை அங்கேயே கழற்றினார்கள். ஆறு நாளில் வீட்டுக்கு வந்தேன், இரண்டே வாரத்தில் பழையபடி ஆனேன்.

உங்கள் தம்பி 48 நாளும் உதறல் இல்லாமல் இருக்கிறார் என்றால் அவர் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று பொருள். என் ஏழு மாலைகளில் முதல் நான்கும் அப்படித்தான் இருந்தன.

1 டிசம்பர் 2024

இதை எழுத ஒரு வாரம் யோசித்தேன்.

குடிப்பவன் தன் குற்றத்தை உணர்வதில்லை, உணர்த்தினால் திருந்துவான் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒவ்வொரு நாள் காலையும் உணர்ந்தேன். எழுந்ததும் சமையலறை வாசலில், மனைவி காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுவேன். நான் பாவி, நான் மனிதனே இல்லை, உன்னைக் கட்டிக்கொண்டு வந்து சீரழித்துவிட்டேன் என்பேன். மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வேன். அந்த அழுகையில் நடிப்பு இல்லை. ஆனால் அழுது முடித்ததும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிவிடும். எல்லாப் பழியையும் நானே சுமந்துவிட்டேன், இனி யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது என்ற நிம்மதி வரும். சில நாள் அவளே மனம் இளகி எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, 'சரி விடுங்கள்' என்பாள். அந்த நிம்மதியோடுதான் மாலையில் கடைக்குப் போவேன்.

பழியை ஏற்றுக்கொள்வதே பொறுப்பிலிருந்து நான் தப்பித்த வழி. இது எனக்குப் புரிவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

2014-இல் மறுவாழ்வு மையத்தில் ஓர் ஆலோசகர் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, குடியால் செய்த தீங்குகளை எழுதச் சொன்னார். 'குடும்பத்துக்குத் துரோகம் செய்த பாவி நான்' என்று முதல் பக்கம் முழுவதும் எழுதினேன். அவர் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் குறுக்காக அடித்தார். 'எந்தத் தேதி, எவ்வளவு ரூபாய், யாருடையது? அதை மட்டும் எழுதுங்கள்' என்றார். அன்று மாலை வரை ஒரே ஒரு வரி எழுத முடிந்தது: 2007 ஜூன், மகளின் பள்ளிக்கூடப் பணம், 3,200 ரூபாய், உண்டியலிலிருந்து. பாவி என்று எழுதக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வரிக்கு ஒரு நாள் ஆயிற்று.

3 டிசம்பர் 2024

அரசே கடை நடத்தும்போது தனி மனிதனைக் குறை சொல்வது எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்விதான். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த மாகாணம் இது. 1971-இல் அது தளர்ந்தது, பிறகு பலமுறை மூடித் திறந்தது, 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2023-24-இல் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதிய பலகையின் கீழ் வரிசையில் நின்று வாங்கியவன் நான். அந்தக் கடை என் வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் வழியில் இல்லாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் சில ஆண்டுகளாவது மிஞ்சியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். அவற்றில் ஒன்று எங்கள் பகுதிக் கடை. மூடிய நாளில் என் மனைவி தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

இந்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்ததும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று ஊரெங்கும் பேச்சு. என் பட்டறையிலும் பேசினார்கள். அந்தப் பணம் போவது இறந்தவனுக்கா? பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை எந்தக் கோப்பையையும் தொடவில்லை. விஷத்தை விற்றவனின் குற்றத்தையும், விற்க விட்டவர்களின் குற்றத்தையும், குடித்தவன் தலையில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்கிறோம்.

ஆனால் நூறு பங்கில் அரசுக்கு எண்பது, எனக்கு இருபது என்று பிரித்துக்கொள்ளும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. கடையைத் திறந்து வைத்த பொறுப்பு முழுவதும் அரசுடையது. உண்டியலை உடைத்த பொறுப்பு முழுவதும் என்னுடையது. ஒன்று கூடினால் மற்றது குறைந்துவிடாது.

சட்டமும் நோய், பொறுப்பு இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதே நாட்டின் குற்றவியல் சட்டம், தானாகக் குடித்தவன் செய்த குற்றத்துக்குப் போதையைச் சாக்காக ஏற்பதில்லை. முன்பு தண்டனைச் சட்டத்தில் 85, 86 ஆக இருந்த பிரிவுகள் இந்த ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 ஆக உள்ளன.

8 டிசம்பர் 2024

தெரியாமல் உணவில் கலக்கும் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். 2011-இல் என் அம்மா அப்படி ஒரு வெள்ளைப் பொடியை வாங்கி இட்லி மாவில் கலந்தார். மதியம் நான் குடித்தேன். முகம் நெருப்பாய்ச் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தியெடுத்துப் பட்டறையிலேயே சாய்ந்தேன். டைசல்ஃபிராம் வகை மருந்தாக இருக்கும் என்று மருத்துவர் ஊகித்தார். சாராயம் உடைந்து வரும் நச்சுப் பொருளை மேலும் உடைய விடாமல் தடுப்பது அதன் வேலை. குடிப்பவன் அறிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டால் அது உதவும். அறியாமல் கொடுத்தால் இதயமே நின்றுபோகலாம்.

என் அம்மா இறக்கும் வரை, 'நானே உன்னைக் கொன்றிருப்பேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுமக்க வேண்டியதை யார் யாரோ சுமந்தார்கள். மனைவி சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கப் போகிறான் என்று என் உறவினர்கள் அவளிடமே கேட்டார்கள். அதை நானும் மறுத்துப் பேசவில்லை. அடித்ததைவிட அதுதான் வலித்தது என்கிறாள்.

அடித்தேன் என்பதை இதுவரை எந்தக் குறிப்பிலும் எழுதாமல் இருந்திருக்கிறேன். இப்போது எழுதுகிறேன். அடித்தேன்.

14 டிசம்பர் 2024

குடித்தே கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவனுக்கு மாற்றுக் கல்லீரல் கொடுப்பது வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் அறுவை என்ற விதியைப் பல மருத்துவமனைகள் நெடுங்காலம் பின்பற்றின. மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான கல்லீரல் அழற்சி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆறு மாதமே கிடைப்பதில்லை. 2011-இல் வெளிவந்த பிரான்சு, பெல்ஜிய ஆய்வில், காத்திருக்க வைக்காமல் 26 பேருக்கு மாற்று அறுவை செய்தார்கள். ஆறு மாத முடிவில் 77 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அறுவை செய்யாதவர்களில் 23 விழுக்காட்டினர். அந்த 26 பேரில் மீண்டும் குடித்தவர்கள் மூன்று பேர். அவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் சாலை விபத்தில் வேகமாகப் போய் விழுந்தவனுக்கு ரத்தம் ஏற்றும்போது அவன் வேகத்தை யாரும் கேட்பதில்லை.

21 டிசம்பர் 2024

பொறுப்பு என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களே, அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு.

1935-இல் அமெரிக்காவின் அக்ரோன் நகரில் தொடங்கிய, குடியை விட விரும்புவோர் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில் முதல் படி, மதுவின் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. எட்டாவதும் ஒன்பதாவதும், யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைப் பட்டியலிட்டு, இயன்றவரை ஈடு செய்வது. சக்தியற்றவன் எப்படி ஈடு செய்வான் என்று தொடக்கத்தில் நானும் வாதாடினேன். கோப்பையின் முன்தான் எனக்குச் சக்தி இல்லை. அடகுக் கடையின் முன் இருக்கிறது.

என் மாமியார் போட்ட மூன்றரைப் பவுன் சங்கிலியை அடகு வைத்து, வட்டி கட்டாமல் அது மூழ்கிப்போயிருந்தது. ஒரு முறை வைத்ததாகத்தான் எனக்கு நினைவு. மூன்று முறை என்று மனைவி மூன்று சீட்டையும் எடுத்துக் காட்டினாள். மஞ்சள் காகிதம், மடிப்பில் கிழிந்து, அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்ததால் தவிட்டு வாசனையோடு. மூன்றிலும் என் கையெழுத்து. மூன்றாவதில் அது கோணிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போயிருந்தது. மன்னித்துவிடு என்று தொடங்கினேன். 'அதை இப்போது பேசாதீர்கள். மாதம் முதல் தேதி எவ்வளவு தர முடியும் என்று சொல்லுங்கள்' என்றாள். நகைச் சீட்டுக் கட்டி 38 மாதங்களில் புதிய சங்கிலி வந்தது. அது பழைய சங்கிலி இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் மன்னித்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

ஏடிஎம் அட்டை அவளிடம் இருக்கிறது. பட்டறைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றிப் போகப் பழகினேன். கடையை மூடிய பிறகும் அதே வழியில்தான் போகிறேன்.

2 ஜனவரி 2025, இரவு

சகோதரி, உங்கள் தம்பி இன்று அழைத்தார். நேற்று மலையிலிருந்து வந்துவிட்டாராம், நாளைக் காலை கோயிலில் மாலையைக் கழற்றுகிறாராம். நோயா திமிரா என்று அவர் கேட்கவில்லை. 'ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் என்ன செய்தீர்கள், அண்ணா?' என்று மட்டும் கேட்டார்.

என் முதல் நாளைச் சொன்னேன். மையத்திலிருந்து வெளியே வந்த அன்று மாலை காந்திபுரத்தில் பேருந்து ஏறி ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வாசலில் நின்ற பெரியவர் என் பெயரைக் கேட்கவில்லை, என் கையைப் பார்த்தார். எவர்சில்வர் டம்ளரில் டீயைப் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். சிந்தாமல் குடித்தேன்.

நாளை மாலை ஐந்தரைக்கு அதே பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை.

4 ஜனவரி 2025

வந்தார். ஏழே கால் வரை இருந்தார், பிறகு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். எங்கே போனார் என்று நான் பின்தொடரவில்லை. நீங்களும் வாயை முகர்ந்து பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் உண்டு, அதே ஐந்தரைக்கு.